சொல்லக் கூடாத பெயரைச் சொல்லி அழைத்தவர்கள்

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினசிலிருந்து புறப்படும் லோக்கல் வண்டிக்கு முதல் நிறுத்தம் மஸ்ஜித். தினந்தோறும் அங்கே ஏறி இறங்கும் நம் தமிழன்பர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பள்ளிவாசலை வைத்து வந்த பெயர் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் பெயர்க் காரணம் சொல்வோர் காட்டும் மஸ்ஜித் முஸ்லிம்களின் தொழுகையிடம் அன்று. நிலையத்துக்குப் பக்கத்தில் சாமுவேல் தெருவில் 1796-ல் எழுந்த யூதர்களின் ஜெபாலயம் அது. 'பெனே இஸ்ரவேல்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் கொங்கணக் கரை யூதர்கள் தங்கள் ஜெபாலயத்தையும் மஸ்ஜித் என்றே குறிப்பிட்டு வந்தார்கள்.

அதைக் கட்டியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றியவர். இதில் 'திவேகர்' என்பது திவே என்ற ஊர்க்காரர் என்று பொருள்படும். பேண் ஊரார் பேண்கர், கிஹிம் ஊரார் கேஹிம்கர் ஆனது போலத்தான். இந்த சாமுவேல் எசேக்கியேல் அக்கம்பக்கத்தார் வாயில் 'சாமாஜி ஹசாஜி' ஆகிவிட்டார். சாமுவேல் என்பது அவர் பெயர். எசேக்கியேல் என்பது தந்தை பெயர்.

இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சாமுவேல் சாமாஜி ஆனபோது கடைசியில் இருந்த 'ஏல்' உதிர்ந்துவிட்டது. எசேக்கியேல் ஹசாஜி ஆனபோதும் அதே 'ஏல்' உதிர்ந்துவிட்டது. எபிரேய மொழியில் 'ஏல்' என்றால் கடவுள். ஆகத் தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் கடவுள் இறங்கிக்கொள்ள, காலியான இடத்தில் மராத்தி 'ஜி' ஏறி உட்கார்ந்துகொண்டது! நம் வீடுகளில் சுப்பிரமணியன் சுப்புவாகவும் வேங்கடராமன் வெங்கட்டாகவும் தேய்வது போன்றதுதான் இதுவும். ஆனால் எபிரேயப் பெயர்களில் இந்தக் கடவுள் துண்டு ஒட்டியதற்கும் உதிர்ந்ததற்கும் மாற்றப்பட்டதற்கும் மூவாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

பெயரா, வாக்கியமா?

எபிரேயப் பெயர்களில் பல, பெயர்கள் என்பதைவிடக் குறு வாக்கியங்கள் என்பதே பொருத்தம். தானியேல் என்றால் 'கடவுளே என் நீதிபதி'. எசேக்கியேல் என்றால் 'கடவுள் பலப்படுத்துவார்'. இஸ்மவேல் என்றால் 'கடவுள் கேட்கிறார்'; நம் முஸ்லிம் சகோதரர்களின் இஸ்மாயிலும் இதே பெயர்தான். மிகாவேல் ஒரு கேள்வி: 'கடவுளுக்கு நிகர் யார்?'

இந்த 'வேல்' முருகப் பெருமானின் வேல் அல்ல என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அது எப்படி வந்தது என்பது ரசமான விஷயம். 'ஏல்' என்ற உயிரெழுத்துச் சொல் முன்னே ஓர் உயிர் ஒலியோடு சேரும்போது நம் இலக்கணப்படி நடுவில் உடம்படுமெய் வேண்டும். முன்னே 'இ' இருந்தால் யகரம் வரும்: தானியேல், காபிரியேல், எசேக்கியேல். மற்ற உயிர்களுக்குப் பின் வகரம் வரும்: சாமுவேல், இஸ்ரவேல், மிகாவேல், யோவேல். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் பாலஸ்தீனப் பெயர்களுக்கும் நன்னூல் விதியைப் பொருத்திவிட்டார்கள்.

'ஏல்' என்பது பொதுச் சொல். இஸ்ரவேலருக்குத் தங்கள் கடவுளுக்கே உரிய தனிப்பெயர் ஒன்று உண்டு. நான்கே மெய்யெழுத்துகளால் எழுதப்படும் அந்தப் பெயர், மனிதர் பெயரின் முன்னால் வந்தால் 'யெஹோ' அல்லது 'யோ' என்றும், பின்னால் வந்தால் 'யாஹு' அல்லது 'யா' என்றும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ரயில் பெட்டியைப் போல எந்தப் பக்கம் கோத்தாலும் ஓடும். 'அருளினார்' என்ற சொல்லுக்கு முன்னால் கோத்தால் யோகனான், அதாவது நம் யோவான். பின்னால் கோத்தால் அனனியா. 'கொடுத்தார்' என்பதற்கு முன்னால் கோத்தால் யோனத்தான். பின்னால் கோத்தால் நெத்தானியா. தனிப்பெயருக்குப் பதில் 'ஏல்' என்று வைத்தால் எல்நாத்தான், நாத்தான்வேல். நால்வருக்கும் பொருள் ஒன்றே.

1976-ல் உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் பணயக் கைதிகளை மீட்கும் போரில் உயிரிழந்த இஸ்ரேலியப் படைத் தலைவரின் பெயர் யோனத்தான் நெத்தன்யாஹு. இஸ்ரேலியப் பிரதமராக விளங்கிய பெஞ்சமின் நெத்தன்யாஹுவின் அண்ணன். 'யாஹு கொடுத்தார், கொடுத்தார் யாஹு' என்று ஒரே வாக்கியத்தை முன்னும் பின்னுமாக இருமுறை சொல்லும் பெயர்!

இன்னும் அழகானது எலியா. 'என் கடவுள் யாஹு' என்பது பொருள். பாகால் என்ற தேவனின் பூசாரிகளோடு கர்மேல் மலையில் 'யார் மெய்யான கடவுள்' என்று போட்டியிட்ட தீர்க்கதரிசியின் பெயரே அந்தப் போட்டிக்கு விடையாக இருக்கிறது. அதே இரு துண்டுகளை மாற்றிப் போட்டால் யோவேல், அதாவது 'யாஹுவே கடவுள்'.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 'ஏல்' என்று முடிவதெல்லாம் கடவுள் பெயர் அல்ல. ராகேல் என்றால் பெண் ஆடு. ஆபேல் என்றால் மூச்சுக் காற்று, ஆவி. 'யோ' என்று தொடங்குவதெல்லாமும் அப்படியே. யோனா என்றால் புறா. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லப் புகுந்தால் புறாவையும் ஆட்டையும் தெய்வமாக்கிவிடுவோம்.

வாயில் வராத நாமம்

அந்த நான்கெழுத்துத் தனிப்பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை. மறைநூலில் அந்த எழுத்துகள் வரும் இடத்தில் 'அடோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசிப்பது வழக்கம். நம் தமிழ் வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'கர்த்தர்' என்று வருவதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. 'யேகோவா' என்ற உச்சரிப்பு, அந்த நான்கு மெய்களோடு அடோனாயின் உயிர்க் குறிகளைச் சேர்த்துப் படித்ததால் பிற்காலத்தில் உண்டானது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் அழிந்தபின், அந்தப் பெயரை முறைப்படி ஒலிப்பதற்கு இடமும் இல்லாமல் போயிற்று.

பயபக்தி எந்த அளவுக்குப் போயிற்று என்பதற்கு ஒரு சான்று. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களுக்கும் பயன்படும். பதினைந்தைப் பத்தும் ஐந்தும் சேர்த்து எழுதினால் கடவுள் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வந்துவிடும். ஆகவே ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள். பதினாறையும் அப்படியே, ஒன்பதும் ஏழுமாக.

எண்ணில்கூட எழுத அஞ்சிய பெயரை மனிதர் பெயருக்குள் யாரும் தடுக்கவில்லை! குழந்தையைச் சோறு உண்ணக் கூப்பிடும் தாயும், கடன்காரனைத் தேடும் வட்டிக்காரனும் 'எலியாஹு', 'நெத்தன்யாஹு' என்று நாளெல்லாம் உரக்க அழைத்தார்கள். முழுப் பெயர் மௌனமாகிவிட்டது. அதன் துண்டு மட்டும் தெருவில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஒலி எப்படி இருந்தது என்பதை நமக்குச் சொன்னவர்கள் யூதர்களின் எதிரிகள் என்பது வேடிக்கை. பழைய எபிரேய எழுத்தில் மெய்கள்தான் பிரதானம். அசீரியர், பாபிலோனியர் களிமண் பலகைகளில் பதித்த ஆப்பு வடிவ எழுத்திலோ உயிரொலியும் தெரியும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதா மன்னன் யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த அரண்மனைக் கணக்கு அங்கே அகழ்ந்தெடுத்த பலகைகளில் கிடைத்து, 1939-ல் வெளியாயிற்று. அதில் அவன் பெயர் 'யாவுகீனு' என்ற வகையில் எழுதப்பட்டிருக்கிறது. வேற்று மொழிக்காரன் பெயரைக் காதில் விழுந்தபடி ஏட்டில் ஏற்றுவது குமாஸ்தாவின் வேலை. அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில், பாபிலோன் பண்டகசாலை எழுத்தர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. இறையியல் தெரியாத அந்த மனிதரின் எழுத்துக்கூட்டல்தான் இன்று மொழி ஆராய்ச்சிக்கு ஆதாரம்.

இதே மன்னன் தமிழ் வேதாகமத்தில் யோயாக்கீன் என்றும் எகொனியா என்றும் கோனியா என்றும் மூன்று பெயர்களில் வருகிறான். மூன்று ஆட்கள் என்று மயங்குவோர் உண்டு. கடவுள் துண்டை முன்னால் கோத்தது ஒன்று, பின்னால் கோத்தது ஒன்று, பின்னால் கோத்ததைச் சுருக்கியது ஒன்று. அவ்வளவே. யோசுவா, இயேசு என்ற இரு பெயர்களும் இப்படி ஒன்றே. 'யாஹுவே மீட்பு' என்ற பொருளுள்ள யெஹோசுவா பேச்சில் யேசுவா ஆகி, கிரேக்கத்தில் நுழைந்து 'ச்' என்ற ஈறு பெற்று, பிறகு நமக்கு இயேசு என்று வந்து சேர்ந்தது.

பெயரில் கை வைத்தவர்கள்

பெயர் ஒரு விசுவாச வாக்கியம் என்றால், அதிகாரம் படைத்தவன் அதில் கை வைக்காமல் இருப்பானா? கி.மு. 609-ல் எகிப்திய பார்வோன் நேகோ, யூதாவின் சிங்காசனத்தில் எலியாக்கீம் என்பவனை உட்கார வைத்து யோயாக்கீம் என்று பெயர் மாற்றினான். கி.மு. 597-ல் பாபிலோனிய நேபுகாத்நேச்சார், மத்தனியா என்பவனை அரசனாக்கி சிதேக்கியா என்று பெயரிட்டான். இதில் விசித்திரம் என்னவென்றால், வென்றவர்கள் தங்கள் தெய்வத்தின் பெயரைத் திணிக்கவில்லை. 'ஏல்' இருந்த இடத்தில் பார்வோன் வைத்தது யூதர்களின் தனிக் கடவுளையே. சிதேக்கியாவிலும் 'யா' நிற்கிறது. 'யாஹு என் நீதி' என்பது பொருள். நேபுகாத்நேச்சார் அவனிடம் அவன் கடவுள் மீதே சத்தியம் வாங்கினான் என்று நாளாகமம் கூறுகிறது. சொந்தத் தெய்வத்தின் பேரில் செய்த சத்தியம்தான் கப்பம் கட்டுகிறவனைக் கட்டும் என்பது அந்த நாளைய ராஜதந்திரம் போலும். சிதேக்கியா அதையும் மீறினான். எருசலேம் எரிந்தது.

அரண்மனைச் சேவகத்துக்குப் பிடித்த பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தயவு இல்லை. தானியேல் புத்தகத்தில் வரும் நான்கு இளைஞர்கள் தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா. இரண்டு ஏல், இரண்டு யா. பாபிலோனில் அவர்கள் பெல்தெஷாத்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆனார்கள். நான்கு பேரிடமிருந்தும் நான்கு கடவுள் துண்டுகளும் ஒரே நாளில் பறிக்கப்பட்டன.

வெளியார் மட்டும் அல்ல, உள்ளேயும் கை வைத்தவர்கள் உண்டு. மன்னன் சவுலின் பிள்ளைகளில் ஒருவன் யோனத்தான். இன்னொருவன் எஸ்பால், அதாவது 'பாகாலின் மனிதன்'. யோனத்தானின் மகன் மெரிபால். நாளாகமப் பட்டியலில் இப்பெயர்கள் இப்படியே இருக்கின்றன. ஆனால் சாமுவேல் புத்தகத்தில் எஸ்பாலை இஸ்போசேத் என்றும், மெரிபாலை மேவிபோசேத் என்றும் காண்கிறோம். 'போசேத்' என்றால் வெட்கம். பிற்கால எழுத்தர்கள் பாகாலின் பெயரை எழுதக் கூசி 'வெட்கம்' என்று போட்டுவிட்டார்கள் என்பதே அறிஞர் பலரின் விளக்கம். கிதியோனின் மறுபெயரான யெருபாகால், சாமுவேல் புத்தகத்தில் எருப்பேசேத் ஆனதும் இப்படித்தான்.

இத்தனைக்கும் 'பாகால்' என்றால் எசமான், உடையவர் என்றே பொருள். ஆரம்ப நாளில் சிலர் தங்கள் சொந்தக் கடவுளையே அப்படி அழைத்திருக்கலாம். பிள்ளைக்குப் பெயர் வைத்த தகப்பன் எந்த உடையவரை நினைத்தானோ! எழுதுகோல் பிற்காலத்தவர் கையில் இருந்தது.

ஏட்டில் அடித்தது மண்ணில் அடிபடவில்லை. தாவீது, கோலியாத் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஏலா பள்ளத்தாக்கின் மேலே கிர்பெத் கெயாஃபா என்ற இடத்தில், 2012-ல் ஒரு ஜாடியின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். பானை சுடுவதற்கு முன்பே கீறிய எழுத்து. வயது ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு. 'பேதாவின் மகன் எஸ்பால்' என்றிருந்தது. சவுலின் மகன் இவன் அல்ல. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெயர் வெட்கமின்றி வழங்கியது என்பதற்கு அந்த ஓடு சாட்சி.

ஓட்டிலும் முத்திரையிலும்

சமாரியாவில் 1910-ல் கிடைத்த எழுத்தோடுகள் கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எண்ணெய், திராட்சரசக் கணக்கு. வடநாட்டு இஸ்ரவேலரின் அந்தக் கணக்கில் பாகால் பெயர்களும் யாஹு பெயர்களும் கலந்தே இருக்கின்றன. அங்கே 'யாஹு' என்பது 'யாவ்' என்று குறுகியிருப்பதால், ஓட்டைப் பார்த்தவுடன் வடக்கா தெற்கா என்று சொல்லிவிடலாம். நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் நாம் அடையாளம் காண்பது போல.

தெற்கே யூதாவில் லாகீசு கோட்டை வாசலில் 1935-ல் அகப்பட்ட ஓட்டுக் கடிதங்கள், பாபிலோனியப் படை நெருங்கிய வேளையில் எழுதப்பட்டவை. ஓசாயாஹு, கோன்யாஹு, தோபியாஹு என்று பெயர்கள் வரிசையாக யாஹுவில் முடிகின்றன. ஜெப்ரி டிகே என்ற அமெரிக்க அறிஞர் 1986-ல் வெளியிட்ட நூலில், அதுவரை கிடைத்த பழைய இஸ்ரவேல் எழுத்துகளிலிருந்து இவ்வகைப் பெயர்களைத் திரட்டி எண்ணினார். யாஹு பெயர் உடையவர்கள் 557 பேர், ஏல் பெயர் உடையவர்கள் 77 பேர், வேறு தெய்வப் பெயர் எனத்தக்கவை உடையவர்கள் 35 பேர் என்பது அவர் கணக்கு. ஊர் ஊராக வேறு தேவர்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி புலம்புவதைப் படித்துவிட்டு இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ஆனால் பெயரை வைத்துப் பக்தியை அளக்க முடியாது என்பதும் உண்மை. பாகாலுக்குக் கோயில் எழுப்பிய ஆகாப் மன்னனின் பிள்ளைகளான அகசியாவும் யோராமும்கூட யாஹு பெயரைச் சுமந்தவர்களே.

யூதா மன்னன் ஆகாஸ் ஒரு புதிர். 'பிடித்தார்' என்பது மட்டுமே அவன் பெயர். பிடித்தது யார்? அசீரிய மன்னன் மூன்றாம் திக்லத்பிலேசரின் கப்பப் பட்டியலில் விடை இருக்கிறது. அங்கே அவன் முழுப் பெயர் யோவாகாஸ் என்ற வடிவில் வருகிறது. கெட்ட அரசன் என்பதால் வேத எழுத்தர்கள் கடவுள் துண்டை வெட்டிவிட்டார்கள் என்று சிலர் கருதுவர். ஆனால் அவன் மகன் எசேக்கியாவின் களிமண் முத்திரை ஒன்றை எருசலேமில் கண்டெடுத்து 2015-ல் அறிவித்தார்களே, அதிலும் தந்தை பெயர் வெறும் ஆகாஸ்தான். மகனே தகப்பனின் பெயரைக் குறைத்து எழுதியிருக்கும்போது எழுத்தர்களை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? செல்லமாகச் சுருங்கியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வெளியூர் போனவர்கள்

சொந்த ஊரில் இருந்தவரை சரி. பிழைப்புக்கோ சிறைப்பட்டோ வெளியூர் போனவர்கள் பெயரை என்ன செய்தார்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இடம்தான் சற்று நெருக்கமானது.

பாபிலோன் நாட்டில் யூதர்களைக் குடியேற்றிய ஒரு கிராமத்துக்கு 'யூதா ஊர்' என்ற பொருளில் அல்-யாஹூது என்றே பெயர். அங்கிருந்து வந்த களிமண் பத்திரங்களில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. அவற்றில் ஓர் ஆள் ஒரு பத்திரத்தில் 'பேல்-சார்-உசூர்' என்றும், இன்னொன்றில் 'யாஹு-சார்-உசூர்' என்றும் இருக்கிறான். 'பேல் தேவனே, அரசனைக் காப்பாற்று', 'யாஹுவே, அரசனைக் காப்பாற்று'. வாக்கியம் முழுவதும் பாபிலோனிய மொழி, பாபிலோனிய அரசனுக்கு வாழ்த்து. அதற்குள் தெய்வம் மட்டும் ஒரு நாள் அவர்களுடையது, ஒரு நாள் இவனுடையது. எந்தச் சபையில் எதைச் சொன்னானோ! செருபாபேல் என்ற தலைவனோ 'பாபிலோனின் வித்து' என்று ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டவன். ஆனால் யூதர்களைத் திரும்ப அழைத்துச் சென்று எருசலேம் ஆலயத்தைக் கட்டத் தலைமை தாங்கியவன் அவன்தான்.

எகிப்தில் நைல் நதியின் நடுவே, இன்றைய அஸ்வானுக்கு எதிரே எலிபன்டைன் என்றொரு தீவு உண்டு. நம் மும்பைக் கடலில் இருக்கும் எலிபென்டாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசுக்காக அங்கே காவல் புரிந்த யூதப் படைவீரர் குடும்பங்களின் பத்திரங்கள் பாப்பிரஸ் தாளில் அரமேய மொழியில் கிடைத்திருக்கின்றன. அவர்களில் மிப்தாகியா என்ற பெண்மணி சொந்த வீடும் சொத்தும் உள்ளவர். 'யாஹுவே நம்பிக்கை' என்பது அவர் பெயரின் பொருள். தந்தை மக்சேயா, தந்தையைப் பெற்ற பாட்டனார் யெதனியா.

இந்த மிப்தாகியா ஓர் எகிப்தியரோடு ஏற்பட்ட சொத்து வழக்கில் எகிப்தியப் பெண் தெய்வமான சாத்தியின் பேரில் சத்தியம் செய்திருக்கிறார். எதிராளி அதை ஏற்று விலகிக்கொண்டதாகப் பத்திரம் சொல்கிறது. மிப்தாகியா மணந்தவர் எஸ்ஹோர் என்ற கட்டடக்காரர். 'ஹோரசுக்கு உரியவன்' என்று எகிப்தியத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவர். பிறந்த இரு ஆண் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் யெதனியா, மக்சேயா. இரண்டும் தாய்வழிப் பெயர்கள்; இரண்டிலும் யாஹு இருக்கிறார், ஹோரஸ் இல்லை.

பிள்ளைகள் பெரியவர்களாகிக் கையெழுத்துக்கும் கணக்குக்கும் வந்தபின், முதலில் எழுதிய பத்திரங்களில் அவர்கள் 'எஸ்ஹோரின் மக்கள்'. பின்னால் எழுதியவற்றில் அதே தகப்பனார் நாத்தான் என்று குறிக்கப்படுகிறார். நாத்தான் என்றால் 'கொடுத்தார்'. யார் கொடுத்தார் என்பது அந்தப் பெயரில் இல்லை.